ரப்பர் கை பட்ட தெரு

வீட்டில் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் இருந்தது. ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி ‘ரப்பர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார், தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. அடையாள அட்டைக்கு எடுத்த முகத்தில் பருவா, ரப்பர் அழிப்பாள். மாப்பிள்ளைக்குப் பின்னால் எவனோ வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறானா, ரப்பர் அழிப்பாள். பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன்மேல் பூசிவிடுவாள். பூசின இடம் எது என்று மறுநாள் அவளையே கேட்டாலும் தெரியாது, அப்படி ஒரு கை. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் வேண்டாமென்று அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தாள். “வர்றவரையும் அழிச்சிடுவேனோன்னு பயம்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மத்தியானத்தில் ஸ்டூடியோவுக்கு ஈ காக்கா வராது. அந்த நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவாள். அங்கே படம் எடுக்க என்ன இருக்கிறது? ஒரு விளக்குக் கம்பம், அதில் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஒயர்கள், உரிந்த சுவர்கள், குப்பைத் தொட்டி, மண்டையைப் பிளக்கும் வெயில். விவரம் தெரிந்த எவரும் அந்த வெயிலில் கேமராவை வெளியே எடுக்கமாட்டார்கள். இவள் எடுப்பாள். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு முதலில் வெயிலை இறக்குவாள். வெளுத்த வானத்துக்கு ஊதா கொடுப்பாள், ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. மூடிக் கிடக்கும் ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் ஏற்றுவாள். அதே ஜன்னல்களைத் தலைகீழாகத் திருப்பித் தரையில் மங்கலாகப் படுக்கவைத்தால், அப்போதுதான் மழை விட்டது போலத் தெரு பளபளக்கும். ஒயர், தொட்டி, போஸ்டர் எல்லாம் போன இடம் தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, கண்ணை எடுக்க முடியாத படங்கள். மருந்துக் கடையில் ஒன்று மாட்டினார்கள், முடிவெட்டும் கடையில் இரண்டு. முடி வெட்டிக்கொள்ள வந்த ஒருவர் கழுத்தைத் திருப்பி, “இது எந்த ஊருப்பா? ஒருதடவை போய்ட்டு வரணும்” என்றாராம். “கதவத் திறந்து வெளிய போங்க, வந்துடும்” என்றாராம் கடைக்காரர்.

அந்தத் தெருமுனையில், கம்பத்துக்குப் பக்கத்தில், தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவளுடைய மாமா, அக்காவின் கணவர். கிழிசல் தைப்பார், ஜிப் மாற்றுவார், நீளக் கால்சட்டையைக் குட்டையாக்கித் தருவார். தலைக்கு மேலே ஒரு நீலத் தார்ப்பாய், சுற்றிலும் மூட்டை மூட்டையாய்த் துணி. அவர் அங்கே உட்கார ஆரம்பித்த காலத்தில் ரப்பர் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஸ்டூடியோ முதலாளியின் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, “என் மச்சினிக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க” என்று கேட்டவரும் அவர்தான்.

பிறகு தெருவை அகலப்படுத்தப் போகிறோம் என்று நகராட்சி வந்து நடைபாதையைத் தோண்டிப் போட்டது. மாமாவின் மெஷின் வீட்டுக்கு வந்து அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றது. வீடு தேடிக் கிழிசலைக் கொண்டுவர யாருக்கு வேலையில்லை? மாமா நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார். மெஷினுக்கு எண்ணெய் போடுவார், துடைப்பார், மறுபடி எண்ணெய் போடுவார். அக்கா அவரைப் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவுவாள்.

புது நடைபாதையில் கூரை போட்ட இடங்கள் சில கட்டியிருந்தார்கள். பழைய ஆட்களுக்குத்தான் கொடுப்பார்களாம். மாமா போய் நின்றார், அக்காவும் கூடப் போனாள். கண்ணாடி போட்ட அதிகாரியம்மா கையைப் பிசைந்தார். “போன வாரம் கடை போட்டவர்கூடப் பிறந்ததுலேர்ந்து இங்கதான்னு சொல்றாரு. ஆளுக்கு நாலு சாட்சி வேற. நான் யாரைத்தான் நம்புறது? நீங்க அங்க உக்காந்திருக்கிற பழைய போட்டோ ஒண்ணு கொண்டாங்க, போதும்.”

அக்கா வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கையைத் தட்டினாள். “போட்டோவா? நல்ல ஆளைப் பாத்துக் கேட்டாங்க! என் தங்கச்சி அந்த முனையை எடுக்காத நாள் உண்டா? ஏய், ரெண்டு மூணு நல்லதாப் பாத்து எடுடி. மாமா மூஞ்சி தெளிவா இருக்கணும்.”

ரப்பர் தலையாட்டிவிட்டு மாடி ஏறினாள். அந்த முனையை எடுத்த ஒவ்வொரு படத்திலும் மாமா இருந்தார். ஒவ்வொன்றிலும் அவரை அழித்திருந்தாள். நீலத் தார்ப்பாய் அந்தி வெளிச்சத்தோடு ஒட்டவில்லை, துணி மூட்டை கண்ணை இழுக்கிறது, அவ்வளவுதான் காரணம். மனசில் ஒன்றும் கிடையாது. ஒயரை அழித்தாள், தொட்டியை அழித்தாள், அதே கையோடு மாமாவையும் அழித்தாள். சரி, முதலில் எடுத்த மூலப் படங்கள்? அது இன்னும் கொடுமை. கம்ப்யூட்டரில் இடம் அடைத்தால் முதலாளி குதிப்பார், “இது என்ன குடோனா?” என்று. அதனால் திருத்தின படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமித்துச் சேமித்துப் பழகியிருந்தாள். தெருப் படங்களையும் அப்படியே செய்தாள். பழையது போனது போனதுதான்.

அக்காவிடம் வாயைத் திறக்கவில்லை. திருட்டுத்தனம் செய்யத் தீர்மானித்தாள். அழித்தவளுக்கு வைக்கத் தெரியாதா? மறுநாள் காலையில் மாமாவை மெஷின் முன்னால் உட்காரச் சொல்லி நாலு படம் எடுத்தாள். ஸ்டூடியோவில் அவர் தலையைக் கறுப்பாக்கி, கழுத்துச் சுருக்கத்தை இழுத்துவிட்டு, பழைய தெருவில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். உட்காரவைக்கும்போதுதான் கை நின்றது. கம்பத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? சுவரைப் பார்த்து உட்காருவாரா, ரோட்டைப் பார்த்தா? எத்தனையோ தடவை அவரைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தவளுக்கு ஞாபகமே வரவில்லை. வெட்கத்தை விட்டு வீட்டுக்குப் போய் அவரிடமே கேட்டாள்.

மாமா எண்ணெய்க் குப்பியை மூடினார். “கம்பத்துக்கு வலது பக்கம், பாப்பா. ரோட்டைப் பாத்து.” குப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, “நீ எங்கிட்ட கேக்குற பாரு” என்றார்.

“மாமா...”

“எனக்குத் தெரியும். முடி வெட்டப் போனப்போ பாத்தேன். எல்லாரும் அவங்கவங்க கடையைத் தேடுனாங்க, நானும் என்னைத் தேடுனேன். தரை ஈரமா, அழகாத்தான் இருந்துச்சு.”

அவள் குத்துமதிப்பாக ஒரு பக்கம் உட்காரவைத்துப் பிரின்ட் போட்டிருந்த திருட்டுப் படத்தைப் பைக்குள்ளிருந்து உருவினாள். “இப்ப திரும்ப வச்சுட்டேன் மாமா. பக்கம் மட்டும் மாத்தணும். ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபமே வராத மனுஷர் என்று தெருவே சொல்லும். அவர் முகம் அன்றைக்குத்தான் அப்படிச் சிவந்தது. “நீ எடுத்தா போறதுக்கும் வச்சா வர்றதுக்கும் நான் என்ன பூந்தொட்டியா? இதக் குடுத்து வாங்குற இடத்துல என்னால உக்காந்து தைக்க முடியாது. எடுத்துட்டுப் போ.”

அன்று முழுக்க அவள் வேறு வேலை பார்க்கவில்லை. சேமித்த தெருப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பெரிதாக்கி, அங்குலம் அங்குலமாகத் தேடினாள். ஏதாவது மிச்சம் இருக்காதா, ஒரு தார்ப்பாய் ஓரம், ஒரு நிழல்? கிடையாது. பாவி, அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள். இத்தனை நாள் ஊர் மெச்சிய அந்தக் கைத்திறன்மீது அவளுக்கே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியாக, இந்த வேலை புதிதாகக் கற்றுக்கொண்ட காலத்தில் செய்த படம் ஒன்று கிடைத்தது. அரைகுறை வேலை. தரையில் ஒரே விரிசல் மூன்று தடவை பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஆகாயம் திட்டுத் திட்டாக இருந்தது. வெட்கப்பட்டு யாருக்கும் காட்டாமல் போட்டிருந்தாள். அதில் கம்பத்துக்கு வலது பக்கம், நிழலுக்குள், ஒரு கால் இருந்தது. ஆள் இல்லை, மெஷின் இல்லை, மெஷினை ஓட்டும் மிதிபலகையின் மேல் ஒரு வெறுங்கால் மட்டும். அழிக்கும்போது இருட்டில் கண்ணுக்குப் படாமல் தப்பித்திருக்கிறது. இன்னும் பெரிதாக்கினாள். கட்டைவிரல்மேல் பக்கத்து விரல் ஏறிச் சவாரி செய்துகொண்டிருந்தது. மாமாவின் கால். ஸ்டூடியோ என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.

மறுநாள் மூன்று பேரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரியம்மா படத்தை வாங்கினார், திருப்பினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“என்னம்மா இது, கால்?”

“மாமாவோட கால், மேடம். பின்னாடி ரொட்டிக் கடை போர்டு தெரியுது பாருங்க.”

“அட, அந்த ரொட்டிக் கடையா! அது மூடி எவ்வளவு காலமாச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அங்கதான் வாங்குவேன்.” அவர் குரல் கொஞ்சம் இளகியது. “சரி, கால் இவரோடதுன்னு எப்படி நம்புறது?”

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்திலிருந்த ஸ்டூலின்மேல் காலைத் தூக்கி வைத்தார். அதிகாரியம்மா எழுந்து வந்து, குனிந்து, படத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த மேஜைக்காரரும் எட்டிப் பார்த்து, “அதே விரல்தான் மேடம், சத்தியமா” என்றார். அறை முழுக்கச் சிரிப்பு.

“கால் சரி. மீதி ஆள் எங்க போனார்?”

சிரிப்பு அடங்கும்வரை ரப்பர் காத்திருந்தாள். சொல்லாமல் தப்ப வழியே இல்லை. “நான்தான் அழிச்சேன். எல்லாப் படத்துலயும் அழிச்சுட்டேன். பாக்க நல்லா இல்லைன்னு.”

அதிகாரியம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாமாவிடம், “நீங்க செருப்பைப் போட்டுக்குங்க ஐயா. கம்பத்துக்குப் பக்கத்து இடம் உங்களுக்குத்தான்” என்றார்.

வெளியே வந்ததும் மாமா வேகமாக முன்னால் நடந்தார். இடத்தை இன்றைக்கே அளந்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு. பின்னால் அக்காவும் தங்கையும். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தீர்த்துவிடுவாள் என்று எதிர்பார்த்த ரப்பருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை.

“ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சுடு அக்கா.”

அக்கா நின்றாள். வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்த முகம்.

“நீ மத்தியானத்துலதானே படம் எடுப்பே?”

“ஆமா.”

“மத்தியானம் நான் சாப்பாடு கொண்டு வருவேன். அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். உன்னைப் பாத்துக் கையகூட ஆட்டுவேன்.”

ரப்பர் தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்காவும் மெதுவாகத் தலையாட்டினாள். தன் புடவையை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டாள். “போட்டோல விழுவோமேன்னு நல்ல துணியாத்தானேடி கட்டிட்டு வருவேன்?”