ரோபோ அறையில் நான் தூக்கிய கை

போன வருடம் ஆடி மாதம், பூந்தமல்லி பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நடந்தது இது. என் இதய ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகன் வருகிறேன் என்றான். ஒரு நாள் வேலைக்கு லீவை வீணாக்காதே என்று நான்தான் தடுத்தேன். எனக்கு வீறாப்பு கொஞ்சம் ஜாஸ்தி. வீட்டைப் பூட்டிவிட்டு நானே ஆட்டோ பிடித்துப் போனேன். "கூட இருக்கிற அட்டெண்டர் யாரு சார்?" என்று கேட்ட நர்ஸிடம், சாயங்காலம் வருவார் என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தேன்.

குழாய்க்குள் கம்பியைச் செலுத்துவது ரோபோ என்றும், தான் பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அதை இயக்கப்போவதாகவும் டாக்டர் முன்பே விளக்கியிருந்தார். எனக்குப் பயமே வரவில்லை. நானும் கேபினில் உட்கார்ந்து லீவரைப் பிடித்துத்தானே காலம் தள்ளினேன்? 'நம்ம தொழில்தான்' என்று நர்ஸிடம் தமாஷ்கூடப் பண்ணினேன்.

மேஜையில் படுத்த பிறகுதான் சங்கதி வேறு என்று புரிந்தது. வலது மணிக்கட்டை மரக்கச் செய்து, அதன் வழியாகக் குழாயை நுழைத்து, ரோபோவோடு இணைத்தார்கள். நான் முழு நினைவோடுதான் இருந்தேன். அசையக் கூடாது, ஏதாவது என்றால் பேசுங்கள், கேட்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. ஒரே குளிர். மோட்டார் மெல்ல ஓடும் சத்தம். என் நெஞ்சுக்குள் எதுவோ போகிறது, அதைச் செலுத்தும் மனிதரைக் காணவில்லை. பேசலாம்தான். 'யாராவது இருக்கீங்களா' என்று இந்த வயதில் எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது.

என்னை அறியாமல் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் கிரேனை 'நிறுத்து' என்பதற்கு அதுதான் சிக்னல். யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தியாக வேண்டும்.

மோட்டார் நின்றது. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். "என்ன சார் பண்ணுது? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்," என்றேன்.

உள்ளே கம்பி கிடக்கும்போது கையை ஆட்டுகிற கிழவனை, நானாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கால்மாட்டில் நின்ற டெக்னீஷியனைத் தலைமாட்டுக்கு வரச் சொன்னார். அந்த ஆள் அதுவரை அங்கேயேதான் நின்றிருக்கிறார், என் கண்ணில்தான் படவில்லை. எக்ஸ்ரே தாக்காமலிருக்கப் போட்ட கனமான ஈயக் கோட்டோடு வந்து என் தோளில் கை வைத்தார். "இங்கதான் கீறேன் நைனா, எங்கியும் போவல," என்றார். எல்லாம் முடியும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

சாயங்காலம் வார்டில் மற்ற படுக்கைகளுக்கெல்லாம் ஆட்கள் வந்து போனார்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். டாக்டரிடம் சொன்ன 'ஒண்ணுமில்ல' காதைவிட்டுப் போகவில்லை. அது எனக்கு நன்றாகப் பழகிய பதில். என் மனைவி படுத்த படுக்கையாய்க் கிடந்த கடைசி மாதங்களில், நான் அறையைவிட்டு வெளியே வந்தால் போதும், கூப்பிடுவாள். போய் என்ன வேணும் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பாள். "ஒண்ணுமில்லன்னா எதுக்குக் கூப்பிடுற?" என்று எரிந்து விழுந்துவிட்டு, திரும்ப டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். பிறகு அவள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று நான் நிம்மதிப்பட்டேன்.

ஸ்டென்ட் நன்றாக வேலை செய்கிறது, மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன். ஆனால், 'கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரு' என்பதைத்தான் அவள் அந்த ஒரு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்ததிலிருந்து, எங்கள் வீட்டில் அந்த டி.வி.யைப் போட எனக்குக் கை வருவதில்லை.