கோட்டைக்குள் வந்த அப்பா

இந்த வருடம் பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து வடசென்னை எர்ணாவூருக்கு வந்த எனக்கு, சென்னையின் பழைய கோட்டை என்றால் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த நீளமான மதில், அவ்வளவுதான். என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. என் பிரசவத்துக்குச் சில வாரம் முன்னால் கப்பல் ஏறினார். மகள் பிறந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டாள்; அவர் இன்னும் அவளை நேரில் பார்க்கவில்லை. கொஞ்சல் எல்லாம் வீடியோ காலில்தான்.

அவருடைய கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கே வரப்போகிறது என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் அவர் வெளியே வர ஒரு மதியம்தான் அனுமதி. வீடு வரை வந்தால் வழியில் நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையிலேயே பாதி நேரம் போய்விடும். "நீ பாப்பாவத் தூக்கினு கோட்டைக்கு வந்துரு. எனக்கு அதான் கிட்ட" என்றார்.

திருவொற்றியூரில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். மியூசியத்துக்கு வெளியே பீரங்கிகள் இருந்த இடத்தில் ஒரு மர நிழலில் உட்கார்ந்தேன். ஒரு காலத்தில் கடல் இந்த மதில் கிட்டேயே வந்து அடிக்குமாம். சுற்றிப் பார்க்க வந்த யாரோ பேசிக்கொண்டு போனார்கள். அப்போதும் என்னை மாதிரி எத்தனை பேர் இங்கே நின்று கப்பலுக்காகக் காத்திருந்தார்களோ!

நேரம் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில், வியாசர்பாடியிலிருந்து தன் பிள்ளைகளோடு வந்திருந்த ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கக் கேட்க, என் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன்.

ஒருவழியாக என் கணவர் வந்தார். இளைத்து, கறுத்துப் போயிருந்தார். ஓடி வந்து இரண்டு கையையும் நீட்டியதுதான் தாமதம், பாப்பா வீறிட்டு அழுதாள். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திரும்பவே இல்லை. வாங்கி வந்த பொம்மையை ஆட்டிக் காட்டினார். அழுகை இன்னும் கூடியது. கொஞ்ச நேரத்தில் தள்ளிப் போய், பீரங்கியில் கை வைத்து நின்றுகொண்டார்.

"எம் பொண்ணுக்கு நான் யாரோ தானே" என்றார்.

அந்த அக்காதான் எழுந்து வந்தார். "கொயந்த மேல இன்னா தப்பு கீது? தெனம் போன்லதான அப்பாவப் பாத்துகினு கீது? போன்லயே கூப்டச் சொல்லும்மா" என்றார்.

என் கணவர் மரத்துக்குப் பின்னால் போய் என் போனுக்கு வீடியோ காலில் கூப்பிட்டார். "பட்டும்மா" என்ற குரல் கேட்டதும் பாப்பா அழுகையை நிறுத்தித் திரையைப் பார்த்தாள். வழக்கம்போலக் கையால் தட்டிச் சிரித்தாள். அவர் பேசிக்கொண்டே ஒவ்வொரு அடியாக வந்து எங்கள் எதிரே மண்டியிட்டார். பாப்பா திரையைப் பார்த்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி திரை, மறுபடி அவர். கடைசியில் போனை விட்டுவிட்டு அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அவர் அழுத அழுகையைப் பார்த்து அந்த அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம் இருக்கும். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு கோட்டை முழுக்கச் சுற்றினார். கிளம்பும்போது அவர் சட்டைக் காலரை விடாமல் பிடித்துக்கொண்டாள். அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது நான்தான்.

கப்பல் அன்றே கிளம்பிவிட்டது. இப்போது அவர் மறுபடி கடலில்தான் இருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் முதல்முதலாக ஒன்றாக இருந்த அந்த மதியம் கொஞ்சமும் போதவில்லை என்றாலும், அவர் வரும்வரை என்னைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.