ஆறு பேர் ஓடவேண்டிய இடத்தில் நாலு பேர்

கம்பெனி கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருப்பதில் ஒரு வசதி உண்டு: ஜெயித்தால் முதலாளி காரணம், தோற்றால் நாம் காரணம், உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிற வேலையே கிடையாது.

எனக்கு இந்தப் பதவி நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். உண்மையான உத்தியோகம் லோடு சூப்பர்வைசர். கல்லூரியில் கால்பந்து ஆடியவன் என்று ஒரு கல்யாணப் பந்தியில் வாய் தவறிச் சொன்னேன். பக்கத்து இலையில் முதலாளி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கழுத்தில் ஏறிய விசில் பத்து வருடமாக இறங்கவில்லை. உங்கள் ஆபீசிலும் இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒரு ஜீவன் இருக்கும். அது நீங்களாக இருந்தால் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், நாம் ஒரே கட்சி.

கதைக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அணியில் இடம் கிடைப்பது என்றால் பனியனும் சுண்டலும் மட்டுமல்ல. வெடிமருந்து கலக்குகிற அறையை நாங்கள் மருந்து ரூம் என்போம். அங்கே வேலை பார்க்கிறவன் பதினோரு பேரில் ஒருவனாகிவிட்டால், அவனைப் பாக்கிங் செட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே அட்டைப் பெட்டி, லேபிள், பசை. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சோறு இறங்கும். அணியிலிருந்து நீக்கினால் மறுபடி மருந்து ரூம். இந்தச் சலுகையைக் கொண்டுவந்த அன்று அண்ணாச்சி எல்லாரையும் கூட்டி வைத்துக் காரணமும் சொன்னார். மற்ற தொழிலாளிகளும் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஆடுற பயலுவ கையி காலு பத்திரமா இருக்கணும்லா?"

ஆறு செகண்டில் ஆறு பேர்

அண்ணாச்சியின் மகன், எங்களுக்குச் சின்னவர், வெளிநாட்டில் இரண்டு வருடம் படித்துவிட்டு ஒரு பட்டமும் ஒரு டேப்லெட்டும் ஒரு கால்பந்துத் தத்துவமும் கொண்டுவந்தார். பட்டம் சுவரில் தொங்குகிறது. தத்துவம் என் தலையில் இறங்கியது. அதுவரை எங்கள் ஆட்டமுறை எளிமையானது: பந்து கிடைத்தவன் முன்னால் உதைப்பான், முன்னால் நிற்கிற கருப்பசாமி எப்படியாவது கோல் போடுவான். இதற்குப் பெயர் ஆட்டமே இல்லை என்றார் சின்னவர். எதிராளி காலில் பந்து பட்ட ஆறு செகண்டில் நம் ஆட்கள் ஆறு பேர் அவனைச் சுற்றி வளைக்க வேண்டும். அவன் மூச்சு முட்டிப் பந்தை விட்டுவிடுவான். பெரிய நாடுகளில் எல்லாம் இப்போது இப்படித்தானாம்.

மறுநாள் சாயங்காலமே பழக ஆரம்பித்தோம். நாலு பேர் பாய்ந்து போய் வளைத்தார்கள். ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் பத்தடி தள்ளி நின்றுவிட்டார்கள். பத்துத் தடவை விசில் அடித்தேன், பத்துத் தடவையும் அதே கதை. சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு சுவரிலும் சிவப்பு மையில் எழுதியிருக்கிற விதி. புது ஆட்களுக்கு அதை வாசித்துக் காட்டுகிறவனே நான்தான். வருடக்கணக்கில் பழகிய கால் மைதானத்திலும் எண்ணிப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. ஐந்தாவதாக நின்ற செல்வத்தைப் பார்த்து "உள்ளே போயேன்யா" என்று கத்தினேன். அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ஏற்கெனவே நாலு பேரு நிக்காக. நான் போனா அஞ்சாயிரும்லா சார்."

குனிந்து தொடுகிறவன்

கருப்பசாமிக்கு வேறு ஒரு பழக்கம். கோல் கட்டத்துக்குள் நுழையும் முன் ஒரு கணம் நின்று, குனிந்து, விரலால் தரையைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். பார்க்கிற ஜனம் பக்தி என்று நினைத்தது. இருக்கன்குடி அம்மனை நினைத்துக்கொண்டு அடிக்கிறான், அதனால்தான் பந்து உள்ளே போகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். உள்ளூர் ஆட்டத்துக்கு மைக் பிடிக்கிறவர், "இதோ பக்திமான் கருப்பசாமி" என்றே அறிவிக்க ஆரம்பித்துவிட்டார்.

பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. மருந்து ரூம் வாசலில் தரையோடு ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவன் அதைத் தொட்டுவிட்டுப் போனால்தான் உடம்பில் இருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரம் தரைக்கு இறங்கும். தொடாமல் போனால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பசாமி அங்கே ஏழு வருடம் இருந்தவன். இந்தக் குனிதலில் ஒரு செகண்ட் வீணாகிறது, இதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் சின்னவர். நான் கருப்பசாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் எங்க சார் தொடுதேன்? கைதான் போயித் தொடுது."

முப்பத்தொன்று

அடுத்ததாகச் சின்னவர் ஒவ்வொருவன் முதுகிலும் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிட்டார். எவன் எவ்வளவு ஓடுகிறான், எத்தனை தடவை பாய்கிறான் என்று அது டேப்லெட்டுக்குச் சொல்லும். டேப்லெட் அதையெல்லாம் கூட்டிக் கழித்து, இவன் நம் ஆட்டமுறைக்கு நூற்றுக்கு இத்தனை பொருத்தம் என்று ஒரு எண் கொடுக்கும். முதலிடம் தினேஷுக்கு, தொண்ணூற்று இரண்டு. தினேஷ் அண்ணாச்சியின் அக்கா மகன், ஆபீசில் ஏசி அறையில் வேலை. மைதானத்தில் வண்டு மாதிரி சுற்றுவான். பந்து அவன் காலில் பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை, பட்டபோதெல்லாம் எதிராளிக்குப் போனது. கடைசி இடம் கருப்பசாமிக்கு. அந்த வருடம் நாங்கள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவன் போட்டது. ஆனால் டேப்லெட்டில் கோலுக்கு என்று ஒரு கட்டமே இல்லை.

ஐம்பதுக்குக் கீழே இருப்பவன் அணியில் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. அணியில் இல்லை என்றால் எங்கே என்று உங்களுக்கே தெரியும். நான் அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார், கருப்பசாமி பெயரில் விரலை வைத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"முப்பத்தொண்ணா? இந்தப் பொருத்தத்துக்கு எவனும் பொண்ணே குடுக்க மாட்டானே தம்பி."

மாரியம்மாளின் கேள்வி

ஆனால் கருப்பசாமிக்குப் பெண் கொடுத்திருந்தார்கள். அவள் மாரியம்மாள், எங்கள் பாக்கிங் செட்டில்தான் லேபிள் ஒட்டுகிறாள். எட்டு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். திங்கட்கிழமை அவன் இடம் காலியாக இருந்தது. நான் லோடு சீட்டை வாங்குகிற சாக்கில் அங்கே போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் ஏதாவது சொல்லலாம் என்று தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. லேபிளைத் திருப்பிப் பசை தடவியபடியே கேட்டாள்.

"அந்தப் பொட்டில மருந்து ரூமுக்கு எங்க வீட்டுக்காரருக்கு எம்புட்டுப் பொருத்தம்னு பாத்தீகளா சார்?"

எல்லாரும் ஓடிய சாயங்காலம்

அதற்குப் பிறகு நான் செய்ததைப் பயிற்சி என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கருப்பசாமியைச் சாயங்காலம் மைதானத்துக்குக் கூப்பிட்டு, முதுகில் மறுபடி கருவியைக் கட்டிவிட்டு, "நீ ஓடு" என்றேன். எங்கே என்றான். எங்கேயாவது ஓடு, பந்து எங்கே இருந்தால் உனக்கென்ன, முதுகில் இருக்கிற பெட்டிக்கு ஓடு என்றேன். அவனும் ஓடினான். எல்லைக் கோட்டோரம் போய் வந்தான், கொடிக்கம்பத்தைச் சுற்றினான். மூன்றாம் நாள் எண் எழுபத்திரண்டு. சின்னவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பாத்தீங்களா கோச், சிஸ்டம் ஆளை மாத்திருச்சு" என்றார். கருப்பசாமி பாக்கிங் செட்டுக்குத் திரும்பினான்.

ரகசியம் எங்கள் ஊரில் ஒரு வாரம் தாங்காது. மருந்து ரூம் பயத்தில் இருந்த மற்றவர்களும் ஓட ஆரம்பித்தார்கள். ஒரு சாயங்காலம் பதினோரு பேரில் பத்துப் பேர் ஆளுக்கொரு திசையில் பறக்கிறார்கள், கரிசல் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்புகிறது, டேப்லெட்டில் ஒருவனும் எண்பதுக்குக் கீழே இல்லை. சின்னவர் சந்தோஷத்தில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கோல்கீப்பர் ரஹீம் டவுன்காரர், கம்பெனியின் லேபிள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், அதனால் எந்த ரூமுக்கும் பயப்பட வேண்டாதவர். அவர் நடு மைதானம் வரைக்கும் நடந்து வந்து, கேட்பாரற்றுக் கிடந்த பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"யாருக்கும் வேணாம்னா சொல்லுங்க சார், எம்புள்ளைகளுக்காவது கொண்டு போறேன்."

பொங்கல் கோப்பை

கம்பெனிகளுக்கு நடுவே நடக்கிற பொங்கல் கோப்பையில் இறுதி ஆட்டம். எதிரணி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி. செருப்பே பழகாத கால்கள், பந்தை உதைத்தால் கம்மாய்க்கரைக்குப் போகும். எங்கள் ஆட்கள் ஓடினார்கள், அப்படி ஓடினார்கள். முதல் பாதியில் ஒரு தடவைகூடக் கோலைப் பார்த்து அடிக்கவில்லை. அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டு, கருப்பசாமிக்கு என்ன வந்தது, தேரைச் சுற்றுகிற மாதிரி சுற்றுகிறானே என்று கேட்டார். பதில் என் வாயில் இருந்தது. சொன்னால் கருப்பசாமிக்குப் பாக்கிங் இடம் போகும், சொல்லாவிட்டால் கோப்பை போகும். நான் தண்ணீர் பாட்டிலை மூடித் திறந்து மூடினேன். அவனிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கோழை, இதில் மறைக்க ஒன்றுமில்லை.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவனே நின்றுவிட்டான். களைப்பா, வெறுப்பா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கூட்டத்தில் சேராமல் தனியாகக் கோல் கட்டத்து ஓரத்தில் நின்றான், பழைய மாதிரி. கால்களுக்கு நடுவே சிக்கிக்கிடந்த பந்து தப்பித்து அவன் பக்கம் உருண்டது. குனிந்தான், தொட்டான், நிமிர்ந்தான், அடித்தான். எதிரணி கீப்பர், இவன் எதைப் பொறுக்குகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே பந்து வலைக்குள் போய்விட்டது. ஊரே எழுந்து கத்தியது, மாரியம்மாள் மட்டும் எழவில்லை. அவள் சின்னவர் கையில் இருந்த டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் போய் எட்டிப் பார்த்தேன்.

"கோல் சரிதான் கோச். ஆனா இந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு இருபத்தெட்டுதான் காட்டுது."

பரிசு

மறுநாள் காலையில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி, சின்னவர், தினேஷ், மேஜைமேல் கோப்பை. டேப்லெட்டைத் தூக்கி உள்ளே வை என்று அண்ணாச்சி மகனைக் கடிந்துகொண்டபோது, அப்பாடா என்று இருந்தது எனக்கு. நம் அணிக்கு ஏற்றது ஓட்டம் இல்லை, நிதானம் என்றார் அண்ணாச்சி. ஆமாம் ஆமாம் என்றேன். இந்த நிதானம் கருப்பசாமிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். மருந்து ரூமிலிருந்துதான் என்றார் சின்னவர், ஒரு நிமிஷத்தில் தத்துவத்தை மாற்றிக்கொண்டு. அங்கே எவனும் பதற மாட்டான், தள்ள மாட்டான், ஒவ்வொன்றையும் தொட்டு யோசித்துச் செய்வான். அப்படியானால் பாக்கிங்கில் போட்டு அவனைக் கெடுக்கக் கூடாது, பழையபடி மருந்து ரூமிலேயே இருக்கட்டும், மற்றவர்களையும் ஒரு வருடம் அங்கே போட்டுப் பழக்குவோம் என்று அப்பாவும் மகனும் சேர்ந்து முடிவு செய்தார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்தவனுக்குப் பரிசு.

பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் ஆமாம் போடாமல் வாயைத் திறந்தேன். ரொம்ப நல்ல யோசனை அண்ணாச்சி, இன்றைக்கே தினேஷ் தம்பியிலிருந்து ஆரம்பிப்போம், அவருக்குத்தான் நிதானம் ரொம்பக் கம்மி என்றேன். தினேஷ் "மாமா" என்று எழுந்து நின்றுவிட்டான். சின்னவர் ஜன்னல் வழியே எதையோ பார்த்தார். அண்ணாச்சி கோப்பையைத் துண்டால் துடைத்தார், இன்னொரு தடவை துடைத்தார்.

"விளையாட்ட விளையாட்டா வச்சிக்கிடுவோம் தம்பி. கருப்பசாமி பாக்கிங்லயே இருக்கட்டும்."

காலி இடம்

செய்தியைச் சொல்லப் பாக்கிங் செட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். மாரியம்மாள் கையிலிருந்த லேபிள் கட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கருப்பசாமி சிரித்தான். பிறகு, மருந்து ரூமில் தன் இடத்தில் இப்போது யார் என்று கேட்டான். போன வாரம் புதிதாகச் சேர்ந்தவன் என்றேன். சாத்தூர்ப் பக்கத்து ஆள், கல்யாணமாகி ஆறு மாதம். நாலு பேர் விதியை நான்தான் வாசித்துக் காட்டி உள்ளே அனுப்பினேன். கருப்பசாமி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையில் ஒட்டிய பசையை உரித்தான்.

"அவனுக்குப் பந்து விளையாட வருமா சார்?"

ஒருவன் எந்த ஆட்டத்துக்குப் பொருந்துவான் என்று கண்டுபிடிக்க எங்கள் கம்பெனியில் டேப்லெட்டும் வேண்டாம், பயிற்சியாளரும் வேண்டாம், அவன் அம்மா முதலாளிக்கு என்ன உறவு என்று விசாரித்தால் போதும்.