காத்தோத் போட்ட முட்டைகள்

தர்யூனிக்கு அந்தப் பாம்பைக் கண்டாலே ஆகாது. நிறைமாதத்தில் பிள்ளை பிறந்து, மூச்சில்லாமலே மண்ணுக்குப் போய்ச் சில வாரம்கூட ஆகவில்லை. அப்போதுதான் கணவன் தர்மூஜி ஒரு மஞ்சள் மலைப்பாம்புக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தோல்பாவைக் கூத்துக் கடோத்கசனின் பெயரைச் சுருக்கி அதற்குக் காத்தோத் என்று பெயரும் வைத்தான்.

பாம்பு வளர்ந்து அவள் தொடை கனத்துக்கு வந்தபோது, தர்மூஜிக்குத் தைவான் மீன்பிடிக் கப்பலில் வேலை கிடைத்தது. அவர்களுடைய கடலோர ஊரான தெகாலில் பாதி ஆண்கள் அப்படித்தான் போகிறார்கள். "கோழி போடு, தண்ணி மாத்து, போதும்" என்று சொல்லிவிட்டு அவன் கப்பலேறினான். காலையில் வாசலில் சோயாக்கட்டி பொரித்து விற்பது, மற்ற நேரம் பாம்புக்கு ஊழியம் என்று அவள் நாட்கள் போயின. வேண்டாவெறுப்பாகத்தான் செய்தாள், ஆனால் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் காத்தோத் சாப்பாட்டை நிறுத்தியது. உள்ளே விட்ட கோழி அதன் முதுகிலேயே ஏறி உட்கார்ந்தது, பாம்பு கண்டுகொள்ளவில்லை. சில சமயம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ஒருநாள் பெட்டியிலிருந்து வெளியேறி, சோற்றைச் சூடாக வைத்திருக்கும் மின்பானையைச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுக் கஸ்மித்தி வாசலோடு நின்றுவிட்டாள். "அடியே, பட்டினி கெடந்து வயித்தைக் காலி பண்ணுதுடி! உன்னை அளவு எடுக்குது!"

"என்னை முழுங்கினா அதுக்குத்தான் அஜீரணம். நீ உள்ள வா அக்கா."

"நான் வரலம்மா. எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு."

கப்பல் கரை சேர்ந்ததும் தர்மூஜி போனில் பேசினான். விஷயத்தைக் கேட்டு நெகிழ்ந்துபோனான். "என்னை நெனச்சு ஏங்குது, பாவம்."

"பாம்பு சாப்பிடலன்னா உங்களுக்கு மனசு கரையுது. நான் சோறு தண்ணி இல்லாம கெடந்தப்ப எங்க போனீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் தர்மூஜியின் நண்பன் யோயோக்கைக் கூப்பிட்டாள். அவன் வீட்டிலும் நாலைந்து பாம்புகள் உண்டு. பாம்பின் வயிற்றைத் தடவிப் பார்த்ததுமே சிரித்துவிட்டான்.

"காத்தோத்தா? இது அவன் இல்லக்கா, அவ! வயிறு பூரா முட்டை. அதான் சூடு தேடி அலையுது."

அந்த வாரமே முட்டை போட்டது. முட்டைகளைக் குவித்து, சுற்றிச் சுருண்டு, மேலே தலையை வைத்துக்கொண்டு விட்டு விட்டு உடம்பை உதறியது. காய்ச்சலோ என்று பயந்து தர்யூனி மறுபடி யோயோக்கை வரவழைத்தாள்.

"காய்ச்சல் இல்லக்கா. உடம்பை உதறித்தான் முட்டைக்குச் சூடு குடுக்கும்." ஒரு முட்டையில் விளக்கடித்துப் பார்த்தவன் உதட்டைப் பிதுக்கினான். "உள்ள ஒண்ணுமில்ல. ஆண் துணை இல்லாம போட்டது. எடுத்துரலாம், இல்லேன்னா இப்படியே பட்டினி கெடக்கும்."

"தொடாத!" என்றாள் தர்யூனி. தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு திரும்பியபோது தொட்டில் இல்லை, பிள்ளை இல்லை. அடக்கமெல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பெட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டிவிட்டு, எண்ணெய்ச் சட்டியை இறக்கிய கையோடு தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முட்டைகள் ஒடுங்கின, நாற்றம் கிளம்பியது. பாம்புக்கு முதுகெலும்பு துருத்தியது. அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை, யோயோக்கை வரச்சொன்னாள்.

"நீ அவ தலையைப் பிடிச்சுக்க தம்பி. முட்டையை நான் எடுக்கிறேன்."

ஒவ்வொன்றையும் பாம்பின் முகத்தருகே கொஞ்சம் காட்டிவிட்டே எடுத்தாள். யோயோக் சிரிக்கவில்லை. பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, முட்டை வாசனை போக வெதுவெதுப்பான நீரில் பாம்பைக் குளிப்பாட்டினாள். சில நாள் கழித்து அது கோழியை விழுங்கியது.

அடுத்த முறை தர்மூஜி பேசியபோது எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ காட்டிட்டு எடுத்தே," என்றான் மெல்ல. "எனக்கு அன்னிக்கு அது தோணல, யூனி. நீ கண்ணு முழிக்கிறதுக்குள்ள அடக்கம் பண்ணிட்டா உனக்கு வலிக்காதுன்னு நெனச்சேன். நான் மட்டும் பாத்தேன். வீட்டுக்கு வந்தா கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அதான் அந்தக் குட்டியை வாங்கினேன்."

தர்யூனி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"முடி இருந்துச்சா?"

"நிறைய. ஈரமா நெத்தியில ஒட்டிக்கிட்டு. மூக்கு அப்படியே உன் மூக்கு."

"கை?"

"மூடி வெச்சிருந்தா."

போனில் காசு தீரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நோன்புப் பெருநாளுக்கு அவன் ஊர் வந்தபோது இருவரும் இடுகாட்டுக்குப் போனார்கள். புல் மண்டியிருந்ததால் அவனுக்கே இடம் பிடிபடவில்லை. காவல்காரரைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். தர்யூனி புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தாள். பிறகு, தன் மகளை அவள் முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை அவள் மனதுக்குள் வைத்திருந்தது தர்மூஜிக்குக்கூட அன்றுதான் தெரிந்தது.