சர்வாதிகாரிக்குத் தைத்த மூன்று கோட்டுகள்

படப்பிடிப்புத் தளத்தில் அவரை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவுக்கு மட்டும் முப்பது வருடத் தையல். ராஜா உடையோ பிச்சைக்காரன் கந்தலோ, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் ஒன்று சொல்லிவிட்டால் மறுபேச்சில்லை. அப்பேர்ப்பட்டவர் ஒரு படத்துக்கு மட்டும் இரண்டு நாள் யோசித்துத்தான் சரி சொன்னார்.

நாற்பத்தாறு வருடத்துக்கு முன் நாட்டையே ஆட்டிப்படைத்த சர்வாதிகாரியின் கடைசி நாட்களைச் சொல்லும் படம் அது. எதிரிகள் தலைநகரைச் சுற்றி வளைத்த பிறகும் அந்த ஆள் நிலவறைக்குள் உட்கார்ந்துகொண்டு, சரணடைய மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஆம்பளை என்று இருந்தவர்களையெல்லாம் சண்டைக்கு இழுத்துவரச் சொன்னார்.

பெரியக்காவின் அப்பா தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர். ஐம்பத்தேழு வயது, ஒரு காது மந்தம். ஒருநாள் காலையில் வாசலில் லாரி வந்து நின்றது. வந்தவர்கள் கொடுத்த ராணுவச் சட்டை தொப்பையைத் தாண்டி மூடவில்லை. அப்படியே ஏறிப் போனார். மூன்றாம் நாள் பாலத்தருகே செத்தார். நான்காம் நாள் சர்வாதிகாரி தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் சண்டை ஓய்ந்தது.

அம்மா படுத்த படுக்கையானாள். பதிமூன்று வயதில் பெரியக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஆறு வயதுத் தம்பியை ஆளாக்கியது அந்த மெஷின்தான்.

தம்பி இப்போது பஸ் பணிமனையில் மெக்கானிக். விஷயம் காதில் விழுந்ததும், ஊரில் வேறு உடம்பே கிடைக்கவில்லையா, அந்த ஆளுக்கா தைக்கப் போகிறாய் என்று கேட்டுவிட்டு போனை வைத்தவன்தான். எட்டு மாதம் பேசவில்லை.

பெரியக்கா தைத்தார். சர்வாதிகாரி நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே போகவேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். நடிகருக்கோ நல்ல உடம்பு. பெரியக்கா ஒரே துணியில் மூன்று கோட்டு வெட்டினார். முதலாவது கச்சிதம், இரண்டாவது கொஞ்சம் தொளதொளப்பு, மூன்றாவதில் தோள் இறங்கி, கழுத்து கோழிக்கழுத்தாய்த் தெரிந்தது. இயக்குநர் அசந்துபோய் இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். அனுபவந்தான் என்றதோடு பெரியக்கா நிறுத்திக்கொண்டார். அம்மா படுத்தபடியே மெலிந்துகொண்டு போன இரண்டு வருடமும் அவளுக்கு உடை மாற்றிவிட்ட கை அது.

படம் முடிந்ததும் வேலை செய்தவர்களுக்கெல்லாம் காலைக் காட்சி போட்டார்கள். ஒரு காட்சியில் சர்வாதிகாரி கட்டில் விளிம்பில் தனியாக உட்கார்ந்து, மூன்றாவது கோட்டுக்குள் கையை நுழைக்கப் பார்க்கிறார். கோட்டின் கை எங்கேயென்று தெரியாமல் விரல்கள் துழாவுகின்றன. உதவிக்கு ஒரு ஆள் இல்லை. பெரியக்காவுக்குக் கன்னம் ஈரமானது. யாருக்காக அழுகிறோம் என்று உறைத்ததும் முதுகில் அடி விழுந்ததுபோல் இருந்தது. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

நேரே பணிமனைக்குப் போனார். தம்பி ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே தெரிந்த காலைப் பார்த்தே பேசினார்.

"அந்த ஆளப் பாத்து அழுதுட்டேன்டா."

ஸ்பேனர் சத்தம் நின்றது. அவன் ஊர்ந்து வெளியே வந்தான். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடியே நின்றான்.

"அப்பாவுக்கு நீ அழுது நான் பாத்ததே இல்லக்கா."

"எங்கடா நேரம் இருந்துச்சு? நீ பசிக்குதுன்னு அழுதுட்டு இருந்த. ரெண்டு பேரும் அழுதா ஆகுமா?"

அவன் பழைய டயர் ஒன்றை உருட்டிவந்து கிடத்தி, அதன்மேல் பழைய பேப்பரை விரித்தான். பெரியக்கா உட்கார்ந்தார். இப்போதாவது அப்பாவுக்காக அழுகை வரும் என்று காத்திருந்தார். அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தார், சரியாகப் பிடிபடவில்லை. கண் வறண்டே கிடந்தது.

"முகமே மறந்துபோச்சுடா," என்றார்.

தம்பி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். தனக்கு அப்பாவைப் பற்றி எதுவுமே ஞாபகம் இல்லை என்றும், இத்தனை வருடமாக அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றும் மெதுவாகச் சொன்னான். சாப்பாட்டு மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.