முருகனுக்கு நேர்ந்த சேவல்

எண்பதுகளின் நடுவில், ஜெர்மன் பேசும் நாடொன்றில், பாடன் நகருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் எனக்குக் கிடைத்த வேலை, அழகில்லாத கோழிகளைக் கொல்வது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவனுக்கு அதுவே பெரிய விஷயம். பண்ணைக்காரர் தனிக்கட்டை. வெள்ளி இறகின் நுனியில் கறுப்புப் பொட்டும், தலையில் முன்னுக்குச் சாய்ந்த இறகுக்கொண்டையுமாக இருக்கும் பழைய கோழியினம் ஒன்றை முப்பது வருடமாகத் திருத்திக்கொண்டிருந்தார்.

கோழிக்கு மூன்று மாதமானதும் தீர்ப்பு. நான் பிடித்துக் கொடுப்பேன். அவர் நெஞ்செலும்பைப் பெருவிரலால் தடவுவார், இறகை ஊதி அடிநிறம் பார்ப்பார், இறக்கிவிட்டு முதுகின் வளைவைப் பார்ப்பார். அதற்கு மேல் இரண்டே சொல். 'ரிங்' என்றால் காலில் வளையம் போட்டு இனவிருத்திக்கு வைத்துக்கொள்வது. 'சூப்' என்றால் என் பக்கம். பொட்டு கொஞ்சம் பெரிதென்றால் சூப். கொண்டை கண்ணில் விழுந்தால் சூப். நடை பிடிக்கவில்லை என்றுகூட ஒன்றைக் கொன்றிருக்கிறோம். அவர் வாய் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிடும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

அந்த இலையுதிர் காலத்தில் ஊரிலிருந்து அம்மாவின் நீல வான்கடிதம் வந்தது.

"தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். எந்தக் காம்பில எண்டு தெரியேல்லை. நீயும் அங்க ஏதும் நேர்ந்து வை."

தம்பிக்குப் பத்தொன்பது வயது. அன்று என் கையில் இருந்தது தோளில் செம்மை பாய்ந்த ஒரு சேவல். வெள்ளி இனத்தில் சிவப்பென்றால் பண்ணைக்காரருக்கு வயிறு எரியும். 'சூப்' என்றார். நான் கொல்லவில்லை. எங்கள் ஊர் முருகனுக்கு அதை நேர்ந்து, விறகுக் கொட்டிலுக்குள் ஒளித்துவைத்தேன். தம்பி வரும்வரை அதன்மேல் கத்தி படாது என்று அம்மாவுக்கும் எழுதினேன்.

நேர்ந்துவிட்ட சேவலை அடைத்துவைக்கக் கூடாது, அது திரியவேண்டும். எங்கள் வழக்கம் அப்படி. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைக்காரர் தேவாலயத்துக்குப் போன கையோடு கொட்டிலைத் திறந்துவிட்டேன். வசந்தம் வந்ததும் அது கம்பிவேலிக்கு மேலால் பறந்து, ரிங் போட்ட பேடுகளிடம் போனது. அங்கிருந்த கிழச்சேவல் ஒதுங்கிக்கொண்டது. முருகனின் சேவலைத் தடுக்க நான் யார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், அவர் கழித்துவிட்ட ஒன்று அவருடைய வேலிக்குள் இறங்குவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மடையன் நான்.

அந்த வருடக் குஞ்சுகளுக்கு இறகு முளைத்தபோது சிவப்பும் சேர்ந்து முளைத்தது. பண்ணைக்காரர் சத்தம் போடவில்லை. எந்தக் குஞ்சுக்கு எந்தத் தகப்பன் என்று தெரியாது, ஆகவே எல்லாம் போகவேண்டும் என்றார். வாளி கொண்டுவரச் சொன்னார். நாற்பதுக்கு மேல் இருந்தன, சூப்புக்கும் உதவாத சின்னதுகள். நான் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகிக் கொடுக்க, அவர் வாங்கி வாளியில் போட்டார். போடுமுன் ஒவ்வொன்றின் இறகையும் ஊதிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

பிறகு நேரே கொட்டிலுக்குப் போய்ச் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தார். எவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விறகு கொத்தும் குற்றியில் அதை அமர்த்திப் பிடித்து, கோடரியை என்னிடம் நீட்டினார். எனக்கு வந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன்: இது கடவுளுடையது, என் தம்பி சிறையில் இருக்கிறான், இது செத்தால் அவனும் செத்துப்போவான். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, என் வதிவிட அனுமதிக்காக என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிய கடிதம் மேசையில் இருக்கிறது, இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றார்.

ஒரே வெட்டு. எனக்குத்தான் பழக்கமாயிற்றே.

மத்தியானம் மேசையில் இரண்டு கோப்பை வைத்தார். நானும் குடித்தேன். நல்ல ருசியாக இருந்தது. வெட்டியதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்கிறேன், ருசித்துக் குடித்ததைப் பொறுக்க முடியவில்லை. கோப்பைகளை நான் கழுவி வைத்த பிறகு அவர் கையெழுத்து வைத்தார்.

தம்பி வரவில்லை. பிடித்துக்கொண்டு போன அன்றே முடித்துவிட்டார்களா, கோடரி விழுந்த பிறகா, ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவின் கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

"சேவல் சுகமோ? குளிருக்குச் சாக்குப் போட்டு மூடிவிடு. அது இருக்குமட்டும் என்ர பிள்ளைக்கு ஒண்டும் வராது."

சுகம் என்று எழுதினேன். கொழுத்துவிட்டது என்று எழுதினேன். இரண்டு பனிக்காலம் போனபின், "இப்ப கிழண்டியிருக்குமே, கூவுதோ?" என்று கேட்டிருந்தார்.

"இல்லையம்மா, இண்டைக்கும் விடியக் கூவினது" என்று எழுதி ஒட்டினேன். வெளியே பண்ணைக்காரர் கூப்பிட்டார். அந்த வருடத்துக் கோழிகளுக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. பிடித்துக் கொடுக்கப் போனேன்.