தம்பிதுரையின் குன்னூர்க் கத்தி

சவரக் கத்தியைத் தோல் வாரில் தீட்டும்போது தம்பிதுரை யாரோடும் பேச மாட்டார். கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்திருக்கும் அவர் வீட்டுக் குளியலறைக் கதவுக் கொக்கியில் வாரின் ஒரு முனை மாட்டியிருக்கும். மறுமுனையை இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்திருப்பார். ஏதோ ஒரு பஞ்சாலையில் மிஷினைச் சுற்றிச் சுற்றித் தேய்ந்து, கழித்துப் போடப்பட்ட தோல் பெல்ட் அது. கத்தி போகும், தன் மழுங்கிய முதுகின்மேல் புரளும், திரும்பி வரும். "ஏனுங்க, சுடுதண்ணி ஆறுதுங்க" என்று அவர் மனைவி பாவாத்தாள் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுப்பாள். முகம் வழித்து, கழுவி, கத்தியைத் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்த பிறகுதான், "என்ன சொன்ன அம்மணி?" என்று வெளியே வருவார். சொன்னது அதற்குள் அவளுக்கே மறந்து போயிருக்கும்.

மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றின் டூல்ரூமில் அவருக்கு கிரைண்டர் வேலை. ஐம்பதை நெருங்குகிறார். ஒல்லியான ஆள், காலர் பட்டனையும் சேர்த்துப் போடுகிறவர். கம்பெனியில் எல்லோரும் கடையில் வாங்கும் பிளேடால் முகம் வழிக்கிறார்கள். தம்பிதுரைக்கு மடக்குக் கத்திதான் வேண்டும், அதுவும் பழையதாக இருக்க வேண்டும். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் குனிந்து தேடுவார். எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது மலையிலிருந்து இறங்கும் சாமான்களில் கட்டாயம் ஒன்றாவது சிக்கும் என்பது அவர் கணக்கு. ஷெஃபீல்டு, சோலிங்கன் என்று சீமை ஊர்ப் பெயர் பொறித்த கத்திகள், துருவேறி, பிடி பிளந்து கிடக்கும். நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். ஓசை மங்கலாக இருந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது. "இது செத்துப்போச்சுங்க" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

உயிரோடு இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். பிறகு மெல்லிய எமரித் தாளைத் தண்ணீரில் நனைத்துக் கையாலேயே தேய்ப்பார். நாள் முழுக்க கிரைண்டிங் மிஷினோடு நிற்கிறவர், கத்தியை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுபோக மாட்டார். "சூடு ஏறுனா பதம் போயிருமுங்க. அப்பறம் அது வெறும் தகரம்." துரு போனபின் கல்லில் தீட்டுவது. கத்தியின் முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லில் படிந்தபடியே போய்வர வேண்டும். பிடிக்கு மாட்டுக்கொம்பை அறுத்து இழைத்து, பித்தளைக் கம்பியை ஆணியாகத் தட்டி இறுக்குவார். கத்திகளுக்கு அவை இறங்கி வந்த மலை ஊரே பெயர். "இன்னைக்கு வால்பாறை" என்பார் ஒருநாள். மறுநாள் கோத்தகிரி. குன்னூர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு.

எத்தனையோ பேர் கேட்டும் அவர் இன்னொருவர் முகத்தில் கத்தி வைத்ததில்லை. கம்பெனியில் சென்னகேசவன் என்ற ஃபிட்டர், ஒரே ஒருதரம் எனக்கும் வழித்துவிடுங்கள் என்று பல நாள் பின்னாலேயே சுற்றினார். தம்பிதுரை மசியவில்லை. "என்ற தோலு எனக்குத் தெரியுமுங்க. அடுத்தவங்க தோலு எங்கிட்டப் பேசாது."

போன வருஷம், தொண்ணூற்றாறில், அவருடைய அண்ணன் அங்கப்பன் படுத்துவிட்டார்.

அங்கப்பன் காங்கேயத்தில் சொந்த லாரி வைத்து ஓட்டியவர். தேங்காய் எண்ணெய் ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போவார். எத்தனை நாள் ஓட்டம் என்றாலும், ஊர் எல்லையைத் தொட்டதும் முதலில் லாரி நிற்பது ராமுலுவின் சலூன் வாசலில்தான். வழித்த முகமும் முறுக்கிய மீசையுமாகத்தான் வீட்டுப் படி ஏறுவார். அந்த மனிதருக்கு ஓயாத காய்ச்சலும் இருமலும் வந்து, கோயம்புத்தூரில் ரத்தம் சோதித்துப் பார்த்ததில் எய்ட்ஸ் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி சாமியாத்தாளுக்கும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. மகன் மதன்குமார் அப்பாவின் கட்டிலை வண்டிச் சாமான் போட்டு வைக்கும் அறைக்கு மாற்றினான். தட்டும் டம்ளரும் தனியாயின. ஊருக்கு டிபி என்று சொன்னார்கள். ஊர் நம்பவில்லை.

விஷயம் தெரிந்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பிதுரை பல்லடம் வழியாகப் பஸ் பிடித்துப் போனார். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பியபோது தம்பிக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி புதராக மண்டி, குடித்த கஞ்சி அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. ராமுலு வருவதில்லையா என்று சாமியாத்தாளைக் கேட்டார். அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"சொல்லியுட்டமுங்க தம்பி. வாரேன்னாரு. வல்லீங்க" என்றாள்.

"அவன எதுக்குக் கூப்புடறீங்க?" என்றார் அங்கப்பன், கண்ணைத் திறக்காமலே. "இந்த மொகத்த யாரு பாக்கப் போறாங்க."

கோயம்புத்தூர் திரும்பியதும் தம்பிதுரை, அண்ணனைப் பார்த்த டாக்டரம்மாவிடம் சவரம் பற்றிக் கேட்கப் போனார். அவர் பொறுமையாகச் சொன்னார். தொடுவதால் ஒட்டாது, வேர்வையால் ஒட்டாது. ரத்தத்தில்தான் கவனம் வேண்டும். அண்ணனுக்கென்று தனிக் கத்தி, ஒவ்வொரு முறையும் கொதிநீர், கைக்கு ரப்பர் உறை. இவ்வளவு செய்தால் போதும்.

அடுத்த ஞாயிறு காங்கேயத்தில் இறங்கிய தம்பிதுரை இதை நேரே ராமுலுவின் சலூனுக்குப் போய்ச் சொன்னார். ராமுலு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, சீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"டாக்டரம்மா சொல்றது எனக்குப் புரியுதுங்க. என்ற கடைக்கு வாரவங்களுக்கு யாருங்க சொல்றது? நான் உங்க ஊட்டுப் படி ஏறி எறங்குனா, மக்காநாளு ஒருத்தரும் எங்கிட்டக் கன்னத்தக் காட்ட மாட்டாங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

தம்பிதுரைக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எதுவும் இல்லை என்பதுதான் அவரை வருத்தியது. "சேரி, நானே பண்றேன்" என்றார்.

ராமுலு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தவங்களுக்குப் பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல."

ராமுலு வாசலுக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். திரும்பி வந்து, வெள்ளைத் துணியை உதறித் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டு, சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"அங்க வரத்தான் எனக்கு முடியாது. இங்க உக்காரலாமல்லோ. என்ற மொகத்துல பழகிக்குங்க கவுண்டரே."

அந்த ஊரில் ஒரு கவுண்டர் கத்தி எடுத்து, சவரம் செய்கிறவர் முகத்தில் சோப்பு போட்டதை யாரும் பார்த்ததில்லை. தம்பிதுரையும் நினைத்துப் பார்த்ததில்லை. அண்ணனுக்குத் தனிக் கத்தியாகக் கொண்டுவந்திருந்த குன்னூரைப் பையிலிருந்து எடுத்தார். பிளேடைப் பாதியாக வெட்டிச் செருகும் கத்திக்கு மாறி வருஷக்கணக்காகிவிட்டிருந்த ராமுலு அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கத்தி நல்ல கத்தி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

எதிரே நின்று கன்னத்தில் வைத்ததும் கை தடுமாறிவிட்டது. கண்ணாடியில் பார்த்துப் பழகிய கைக்கு வலம் இடமாகப் போயிற்று. கண்ணை மூடியபடி ராமுலு சொல்லிக்கொண்டே வந்தார்.

"எதுக்கால நிக்காதீங்க. பொறத்தால வாங்க. தலைய உங்க வயத்துல சாச்சுக்குங்க. ஆங், அப்பிடி. தோல மேல இழுங்க, கத்தியக் கீழ உடுங்க. அழுத்தாதீங்க. அதும்பட கனமே போதும்."

கழுத்துக்கு வந்தபோது தம்பிதுரையின் கை நின்றுவிட்டது.

"எச்சி முழுங்கற வரைக்கும் பொறுங்க" என்றார் ராமுலு. "நோவுல கெடக்கறவரு இருமுவாரு. இரும வாரதுக்கு முன்னால தொண்டைக்குழி ஒருக்கா ஏறும். அதையே பாத்துட்டு இருங்க. ஏறுனா கத்திய எடுத்துப்போடுங்க."

அன்று ராமுலுவின் தாடைக்குக் கீழே ஓரிடத்தில் ரத்தம் துளிர்த்தது. படிகாரக் கல்லை எடுத்துத் தானே ஒற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் ஷட்டர் பாதி இறங்கியது. அன்று ரத்தம் வரவில்லை.

அந்த வாரம் தம்பிதுரை குன்னூரின் கொம்புப் பிடியைக் கழற்றினார். கொதிநீரில் கொம்பு நெளிந்துவிடும். டூல்ரூமில் கிடந்த துருப்பிடிக்காத எஃகுத் துண்டை அளவாக வெட்டி, மழுக்கி, புதுப்பிடி போட்டார். இனி அதை முழுதாகவே கொதிக்க வைக்கலாம். தன் கத்திகளிலேயே அவர் மிகவும் விரும்பியது அதுதான். பாவாத்தாளுக்குத் தெரியும். "வேற ஒண்ணு எடுத்துக்கக் கூடாதுங்களா?" என்றாள்.

"மத்தது எதுவும் தோலுல இத்தன மெத்துன்னு போகாது அம்மணி" என்றார். இனி அது அவர் முகத்துக்கு இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "உங்க கைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?" என்றாள். ஆகாது என்றார்.

அங்கப்பன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ எனக்குச் சவரம் பண்ணிவுடறதா? ஊரு என்ன பேசும்?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "வேண்டாம் தொர. என்ற ரத்தம் உனக்கு ஆகாது."

"ரத்தம் வராதுண்ணா."

"வந்துட்டா?"

"வராம பண்ணத்தான் பழகிட்டு வந்துருக்கறேன்."

நாற்காலியை வேப்பமரத்து நிழலில் போட்டார்கள். சாமியாத்தாள் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு பக்கத்தில் நின்றாள். மதன்குமார் வாசல்படியைத் தாண்டி வரவில்லை. தம்பிதுரை கைக்கு ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, முதலில் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தார். வெந்நீர்த் துணியை முகத்தில் போட்டு வெகுநேரம் வைத்திருந்தார். எடுத்தபோது அங்கப்பனின் கன்ன எலும்புகள் துருத்திக்கொண்டு நின்றன. அந்தப் பள்ளத்தில் கத்தி ஓடாது. வாய்க்குள் காற்றை நிரப்பி உப்பிக்கொள்ளச் சொன்னார். அண்ணனுக்கு அதற்கு மூச்சு போதவில்லை. தோலை விரலால் காதுப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, சிறுகச் சிறுக வழித்தார். தொண்டைக்குழி ஏறும்போதெல்லாம் கத்தியை எடுத்தார். இருமி ஓயும்வரை காத்திருந்தார். காக்கை ஒன்று திண்ணை விளிம்பில் வந்து உட்கார்ந்து, எழுந்து போயிற்று. மீசையைத் தொடவில்லை. அதை ஓரம் மட்டும் நறுக்கினார்.

கழுத்து முடிகிற நேரத்தில் அண்ணனின் தலை தன் வயிற்றின்மேல் கனத்துச் சாய்வதை உணர்ந்து தம்பிதுரை பதறிப்போனார். அப்புறம்தான் தெரிந்தது, அங்கப்பன் தூங்கிவிட்டிருந்தார். சாமியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லாத் தூங்கி மாசக்கணக்காச்சுங்க தம்பி" என்றாள் மெதுவாக. கத்தியை மடக்கிய தம்பிதுரை, அவர் விழிக்கும்வரை அசையாமல் நின்றார்.

அதிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காங்கேயம்தான். ஊர் பேசாமல் இல்லை. பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் ஒருவர், "ஏனுங்க கவுண்டரே, தொழில மாத்திக்கிட்டீங்களாமா? எனக்கும் ஒருக்கா வழிச்சுவுடறது" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். தம்பிதுரை டீயை வைத்துவிட்டு, பையைத் திறந்தார். "உக்காருங்க. கத்தி கையிலதான் இருக்குது." கேட்டவர் சிரிக்கப் பார்த்து, முடியாமல், எழுந்து போய்விட்டார். தம்பிதுரை மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்துத்தான் கிளம்பினார்.

போன மாதம் சென்னகேசவன் கம்பெனியில் மறுபடி கேட்டாராம், இப்போதுதான் மற்றவர்களுக்கும் பண்ணுகிறீர்களே என்று. தம்பிதுரை மிஷினை நிறுத்திவிட்டு, "மத்தவங்களுக்கு இல்லீங்க" என்றாராம்.

அங்கப்பன் இப்போது நாற்காலியில் உட்காருவதில்லை. கட்டிலிலேயே தலையணையை அடுக்கிச் சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது. உதட்டோரம் புண் வந்திருப்பதால் அந்த இடத்தை விட்டுவிட்டு வழிக்கிறார் தம்பிதுரை. கடைசியாக நான் அவரோடு காங்கேயம் போயிருந்தபோது வேலை முடிய மத்தியானம் நெருங்கிவிட்டது. மதன்குமார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன்.

தம்பிதுரை ஈரத் துணியால் அண்ணன் முகத்தைத் துடைத்துவிட்டு, "சொரசொரன்னு இருக்குதாண்ணா?" என்று கேட்டார்.

"எடதுபக்கம் கொஞ்சம் இருக்கறாப்ல தெரியுது."

தம்பிதுரை அந்தக் கன்னத்தில் விரலை ஓட்டினார். ரப்பர் உறைக்குள் இருந்த விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்தார். பிறகு கத்தியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் கன்னத்தை அண்ணன் கன்னத்தின்மேல் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இழைத்தார். இழைத்து முடிந்த பிறகும் எடுக்கவில்லை.